கடல் விலகிப் போன துறைமுகம்: நாகசாகியில் நான்கு இரவுகள்

ஃபுக்குவோக்காவில் தங்கிக்கொண்டு, காலையில் ரயிலேறி நாகசாகிக்குப் போய், அணுகுண்டு அருங்காட்சியகத்தையும் அமைதிப் பூங்காவையும் பார்த்துவிட்டு இரவுக்குள் திரும்பிவிடலாம் என்றுதான் நான் முதலில் திட்டமிட்டிருந்தேன். உடன் வரவிருந்த என் அக்கா அதற்கு ஒப்பவில்லை. பள்ளியில் முப்பது ஆண்டுகள் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவர் அவர். "அந்தத் துறைமுகத்துக்கு வயது நானூறுக்கு மேல் ஆகிறது, தம்பி. அதில் ஒரே ஒரு நாளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது முறையில்லை" என்றார். அவர் சொன்னபடி நான்கு இரவுகள் தங்குவதாகத் திட்டத்தை மாற்றினோம். அந்த மாற்றம் இல்லாதிருந்தால் நாகசாகியின் பெயரை மட்டுமே பார்த்துத் திரும்பியிருப்போம் என்று இப்போது உறுதியாகத் தெரிகிறது. அங்குச் செல்ல எண்ணுபவர்களுக்கு உதவட்டும் என்பதால் நாங்கள் கண்டதையும், செய்த பிழைகளையும், கற்றுக்கொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

ஃபுக்குவோக்காவின் ஹகாட்டா நிலையத்திலிருந்து நாகசாகிக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பயணம். 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்ட அதிவேக ரயில்பாதை டக்கேயோ ஒன்சென் என்னும் ஊரிலிருந்துதான் தொடங்குகிறது என்பதால், ஹகாட்டாவில் ஏறும் ரயிலிலிருந்து அந்த ஊரில் இறங்கி, அதே நடைமேடையின் எதிர்ப்பக்கத்தில் காத்து நிற்கும் கமோமே ரயிலில் ஏற வேண்டும். மாறுவதற்குக் கிடைப்பது சில நிமிடங்களே என்றாலும் படியேற வேண்டியதில்லை. பயணச்சீட்டும் ஒரே தொடராகவே கிடைக்கிறது. பெட்டிகளை மட்டும் வண்டி நிற்பதற்கு முன்பே கதவருகே கொண்டுவந்து வைத்துக்கொள்வது நல்லது. பாதையின் பெரும்பகுதி சுரங்கமாகையால், கடலைப் பார்த்தபடியே போகலாம் என்று எண்ணியிருந்த எங்களுக்கு ஊர் வந்து சேரும் வரை கடல் சரியாகக் கண்ணில் படவில்லை.

முதல் நாள் மாலை நாங்கள் சென்ற இடம் டெஜிமா. ஜப்பான் தன் கதவுகளை ஐரோப்பாவுக்கு ஏறக்குறைய முழுவதுமாக அடைத்திருந்த காலத்தில், 200 ஆண்டுகளுக்கு மேல் திறந்திருந்த ஒரே ஐரோப்பிய வாசல் அந்தச் சிறு தீவுதான் என்று படித்திருந்ததால், படகிலோ நீண்ட பாலத்தின் வழியாகவோ போக வேண்டியிருக்கும் என்று மனத்தில் ஒரு படம் வைத்திருந்தேன். டிராம் வண்டி எங்களை நிறுத்திய இடத்திலோ அலுவலகக் கட்டடங்களும் சாலையும் போக்குவரத்து விளக்குகளும்தான் இருந்தன. வாய்க்கால் போன்ற ஓர் ஆறும் அதன்மேல் புதிய பாலமும் தெரிந்தன. கடல் எங்கும் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆற்றைத் திருப்பிவிட்டபோது தீவின் ஒரு பக்கம் வெட்டப்பட்டது. 1904ஆம் ஆண்டளவில் துறைமுகத்தை மண்ணிட்டு நிரப்பியபோது தீவு முழுவதுமே ஊருக்குள் புதைந்து போனது. இப்போது நாம் பார்ப்பது, நகராட்சி பல பத்தாண்டுகளாகப் பழைய படங்களையும் அகழ்வாய்வுகளையும் கொண்டு ஒவ்வொரு கட்டடமாக மீட்டெடுத்துவரும் டெஜிமா. நான் குறிப்பிட்ட பாலம் 2017இல் போடப்பட்டது.

கடல் இல்லாததைக் கண்டு எனக்கு ஏற்பட்ட ஏமாற்றம், அக்கா தரையைக் காட்டியபோது மாறிவிட்டது. விசிறி வடிவிலிருந்த அந்தத் தீவின் பழைய எல்லை ஓடிய தடத்தில் சாலையின் மீது உலோகக் குமிழ்கள் வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கின்றன. குமிழ்களுக்கு உட்புறம் தீவு, வெளிப்புறம் கடல் என்று எண்ணிக்கொண்டு அந்த வரிசையை ஒட்டி நடந்தால், காலுக்குக் கீழே தண்ணீர் இருந்த காலம் மெல்லப் புலப்படத் தொடங்குகிறது. நாகசாகி என்ற பெயருக்கே நீண்ட முனை என்று பொருள் கூறுகிறார்கள். மலையிலிருந்து கடலுக்குள் நீண்டிருந்த அந்த முனையின் நுனி, டெஜிமாவுக்கு எதிரே மேட்டில் இருக்கிறது. அங்கே முதலில் தேவாலயம் இருந்தது, பின்னர் ஷோகுன் எனப்பட்ட படைத்தலைவர் ஆட்சியின் அலுவலகம், அதன்பின் கடற்படைப் பயிற்சிக்கூடம், அண்மைக் காலம் வரை மாவட்ட அரசின் தலைமையகம். அந்த மேட்டையும் கீழேயுள்ள குமிழ்களையும் இணைத்துப் பார்த்துவிட்டால் இந்த நகரின் வரைபடம் மனத்தில் பதிந்துவிடும். எனவே நாகசாகிக்குச் செல்பவர்கள் பழைய கரை எங்கே இருந்தது என்பதை முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே என் முதல் பரிந்துரை. இந்த நகரில் மற்ற எல்லாமே அந்தக் கரையையும் அதற்குப் பின்னாலுள்ள மலைகளையும் பொறுத்தே அமைந்திருக்கின்றன.

போர்த்துகீசியக் கப்பல்களுக்காக இந்தத் துறைமுகம் 1571இல் திறக்கப்பட்டது. அந்தப் பகுதியை ஆண்ட ஓமுரா சுமிதாதா கிறித்தவத்தைத் தழுவியவர். 1580இல் ஊரையே இயேசு சபையினரின் பொறுப்பில் விட்டார். அதன்பின் வந்த ஆட்சியாளர்களுக்கு அந்தச் சமயத்தின் மீதும் அதை ஏற்றவர்கள் மீதும் அச்சம் வளர்ந்தது. 1597 பிப்ரவரி 5 அன்று, இன்றைய ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள நிஷிசாக்கா குன்றில் 26 கிறித்தவர்கள் சிலுவையில் அறையப்பட்டார்கள். டெஜிமா 1636இல் கட்டி முடிக்கப்பட்டதே போர்த்துகீசியரை ஊர்மக்களிடமிருந்து பிரித்து அடைத்து வைப்பதற்காகத்தான். நகரத்து வணிகர்கள் 25 பேர் அதற்குப் பணம் போட்டார்கள். மூன்றே ஆண்டுகளில் போர்த்துகீசியர் நாட்டைவிட்டே வெளியேற்றப்பட, காலியாகக் கிடந்த தீவுக்கு 1641இல் டச்சுக்காரர்கள் மாற்றப்பட்டார்கள். சுமார் ஒன்றரை ஹெக்டேர் பரப்புக்குள் பத்துப் பதினைந்து டச்சுக்காரர்கள், அனுமதியின்றிப் பாலத்தைக் கடக்க முடியாதவர்களாக, அடுத்த கப்பலுக்காக மாதக்கணக்கில் காத்திருந்து வாழ்ந்தார்கள். மீட்டெடுக்கப்பட்ட தலைமை அலுவலரின் மாளிகையில் விரித்திருக்கும் தாதாமிப் பாயின் மீது ஐரோப்பிய நாற்காலிகள் போடப்பட்டிருப்பதைப் பார்த்தபோது, அந்த வாழ்க்கையின் நெருக்கடி எந்த விளக்கப் பலகையையும் படிக்காமலே எனக்குப் புரிந்தது.

சர்க்கரையும் சாயமரமும் குவிந்திருந்த கிடங்குகளைச் சுற்றி வரும்போது அக்கா சொன்ன செய்தியை இங்கே குறிப்பிட வேண்டும். டச்சுக் கப்பல்கள் டெஜிமாவில் இறக்கிய சரக்குகளில் சோழமண்டலக் கரையின் பருத்தித் துணிகளும் இருந்தன. அவற்றில் கோடு போட்ட ஒரு வகைத் துணிக்கு ஜப்பானில் சந்தோமே என்று பெயர். நம்முடைய மயிலாப்பூரை அடுத்த சாந்தோமின் பெயர்தான் அது. திரும்பும் கப்பல்களில் ஏற்றப்பட்ட ஜப்பானியச் செம்பு, டச்சுக்காரர்கள் கோட்டை கட்டியிருந்த பழவேற்காடும் நாகப்பட்டினமும் இருக்கும் நம் கரைக்கு வந்து காசாக அடிக்கப்பட்டது. மொழியிலும் இதே கடல்வழி தடம் பதித்திருக்கிறது. ஜப்பானியர் ரொட்டியைப் பான் என்கிறார்கள், இலங்கைத் தமிழர் பாண் என்கிறார்கள். இரண்டுமே போர்த்துகீசிய மாலுமிகள் விட்டுச்சென்ற ஒரே சொல். மறுநாள் காலை ரொட்டிக் கடையின் முன்னால் நின்று அந்தப் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தபோது, யாரோ தெரிந்தவரை வெளியூரில் சந்தித்தது போல எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

டெஜிமாவுக்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். ஜூன் மாதத்தின் முதல் பாதியில் சென்றால் நகரெங்கும் நீல நிற ஹைட்ராஞ்சியா பூத்திருக்கும். டெஜிமாவில் 1823 முதல் மருத்துவராகப் பணியாற்றிய சீபோல்ட், அதன் ஒரு வகைக்குத் தன் ஜப்பானியத் துணைவி டாக்கியின் பெயரைச் சேர்த்து ஓட்டாக்ஸா என்று பெயரிட்டார். ஜப்பானின் வரைபடங்களை வெளியே கொண்டுசெல்ல முயன்ற குற்றத்துக்காக 1829இல் அவர் நாடு கடத்தப்பட்டபோது அவர்களுடைய மகள் இனே சிறு குழந்தை. பிற்காலத்தில் மேற்கத்திய மருத்துவம் கற்ற ஜப்பானியப் பெண்களுள் முன்னோடியானவர் அந்த இனேதான். அந்த மலரே இன்று நாகசாகி நகரின் மலர். ஆனால் அதே ஜூன் மழைக்காலமும் ஆகும். நாங்கள் இருந்த ஐந்து நாள்களில் மூன்று நாள் மழை பெய்தது. குடையைவிட வழுக்காத காலணிதான் அங்கே அவசியம் என்பதை முதல் கல்படிக்கட்டிலேயே உணர்ந்தோம்.

ஏனென்றால் இது சமதளம் மிகக் குறைந்த ஊர். துறைமுகத்தை மூன்று பக்கமும் மலைகள் நெருக்கி நிற்கின்றன. வீடுகள் சரிவுகளில் அடுக்கடுக்காக ஏறிப் போகின்றன. கார் நுழைய முடியாத படிக்கட்டுச் சந்துகள் ஏராளம். அக்காவுக்கு முழங்கால் வலி உண்டு என்பதை நன்றாக அறிந்திருந்தும், வரைபடத்தில் தூரத்தை மட்டும் பார்த்து, ஏற்றத்தைப் பாராமல் தங்குமிடத்தை மேட்டில் எடுத்துவிட்டேன். டிராம் நிறுத்தத்திலிருந்து நானூறு மீட்டர் என்று எழுதியிருந்தது உண்மைதான். அந்த நானூறு மீட்டரில் பெரும்பகுதி படிக்கட்டாக இருந்தது. முதல் இரவு அக்கா ஒரு வார்த்தையும் சொல்லாமல் ஏறி வந்தார், ஆனால் மறுநாள் அவர் முழங்கால் வீங்கியிருந்தது. அது என் கவனக்குறைவால் நேர்ந்தது. காலையிலேயே ரயில் நிலையத்தை ஒட்டிய சமதளத்தில் வேறு விடுதிக்கு மாறினோம். முதியவர்களுடன் செல்பவர்கள், தங்குமிடத்தை முடிவு செய்யும்முன் சாலைப் படங்களைத் திறந்து நிறுத்தத்திலிருந்து வாசல் வரை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஊருக்குள் போய்வர டிராமே போதும். 1915 முதல் ஓடும் இந்த வண்டிகளில் எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம். பின்வாசலில் ஏறி, இறங்கும்போது முன்வாசலில் ஓட்டுநர் அருகேயுள்ள பெட்டியில் பணத்தைப் போட வேண்டும். அந்தப் பெட்டி மீதி தராது. முன்கூட்டியே பக்கத்து இயந்திரத்தில் ஆயிரம் யென் தாளையோ பெரிய நாணயத்தையோ சில்லறையாக்கிக் கொள்ள வேண்டும். வண்டி ஓடும்போது எழுந்து சென்று மாற்றுவது முதியவர்களுக்கு ஆபத்து என்பதால், வண்டி நிறுத்தத்தில் நிற்கும்போதே மாற்றிவிடுவது நல்லது. ஜப்பானின் பிற நகரங்களில் பயன்படும் பயண அட்டைகள் இங்கும் செல்லும் என்பதால் அட்டை இருந்தால் இந்தக் கவலை இல்லை. தடங்களை நிறத்தாலும் எண்ணாலும் அடையாளம் காணலாம்: நிலையத்திலிருந்து அமைதிப் பூங்காவுக்கு 1 அல்லது 3, ஓரா தேவாலயப் பகுதிக்கு 1இல் ஏறி, ஷிஞ்சி சீனத்தெரு நிறுத்தத்தில் இறங்கி, 5இல் மாற வேண்டும். காசாகக் கொடுப்பவர்கள் அங்கு இறங்கும்போது ஓட்டுநரிடம் மாற்றுச் சீட்டு கேட்டு வாங்கிக்கொண்டால் இரண்டாம் முறை கட்டணம் இல்லை. நாங்கள் கேட்கத் தெரியாமல் முதல் நாள் இரண்டு முறை செலுத்தினோம்.

வெளிநாட்டவர் குடியிருப்பு இருந்த தெற்கு மலைச்சரிவுக்கு இரண்டாம் நாள் சென்றோம். பெரும்பாலோர் கீழிருந்து தேவாலயத்தின் வழியாக ஏறி, கிளவர் தோட்டத்தின் உச்சிக்குப் போய்த் திரும்புகிறார்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் அதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். 5ஆம் தடத்தின் கடைசி நிறுத்தமான இஷிபாஷியில் இறங்கி, சிறிது தூரம் நடந்தால், மலைச்சரிவில் சாய்வாக ஏறும் மின்தூக்கி ஒன்று இருக்கிறது. மேட்டில் வாழும் மக்களுக்காக அமைக்கப்பட்ட அது எவருக்கும் கட்டணமில்லாதது. அதிலும் அதைத் தொடர்ந்து செங்குத்து மின்தூக்கியிலும் ஏறினால் தோட்டத்தின் மேல்வாசலுக்கே போய்விடலாம். அங்கிருந்து இறங்கிக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்துத் தேவாலயத்தில் முடிக்கலாம். 1859இல் இருபத்தொரு வயதில் வந்திறங்கிய ஸ்காட்லாந்து வணிகர் தாமஸ் கிளவர் 1863இல் கட்டிய வீட்டின் முன் நின்று பார்த்தால், எதிர்க்கரையில் கப்பல் கட்டும் தளமும், நூறாண்டு கடந்தும் இயங்கும் பெரும் பாரந்தூக்கியும் தெரிகின்றன. அந்த வீடும் பாரந்தூக்கியும் ஜப்பானின் தொழிற்புரட்சியைக் காட்டும் ஒரே உலகப் பாரம்பரியத் தொகுப்பில் 2015இல் சேர்க்கப்பட்டதன் காரணம் அந்த இடத்தில் நின்றால்தான் நன்றாக விளங்குகிறது.

ஓரா தேவாலயத்தில் நாங்கள் நினைத்ததைவிட நீண்ட நேரம் இருந்தோம். 1864இன் இறுதியில் வெளிநாட்டவரின் வழிபாட்டுக்காக எழுப்பப்பட்ட இந்தத் தேவாலயத்தின் வாசலுக்கு 1865 மார்ச் 17 அன்று வடக்கே உரகாமி என்னும் சிற்றூரிலிருந்து உழவர் கூட்டமொன்று வந்தது. அவர்களில் ஒரு பெண் பாதிரியார் பெத்தித்ஜானின் அருகில் சென்று, தங்கள் நெஞ்சமும் அவர் நெஞ்சமும் ஒன்றே என்று தாழ்ந்த குரலில் சொல்லி, மரியன்னையின் சிலை எங்கே என்று கேட்டார். 200 ஆண்டுகளுக்கு மேலாக, பாதிரியார் ஒருவரும் இல்லாமல், புனித உருவங்களைக் காலால் மிதித்துக் காட்டும்படி அதிகாரிகள் கட்டாயப்படுத்திய சோதனைகளையும் கடந்து, பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வாய்வழியாகவே காக்கப்பட்ட நம்பிக்கை அன்று வெளிப்பட்டது. அதன் விளைவும் கொடியதாகவே இருந்தது: தடை இன்னும் நீங்காததால் உரகாமி மக்கள் 3,000 பேருக்கு மேல் பிடிக்கப்பட்டு நாட்டின் பல பகுதிகளுக்கு நாடுகடத்தப்பட்டார்கள், நூற்றுக்கணக்கானோர் அங்கேயே இறந்தார்கள். 1873இல் தடை நீங்கித் திரும்பியவர்கள், தங்களை உருவ மிதிப்புக்கு உட்படுத்திய ஊர்த்தலைவரின் நிலத்தையே பின்னர் விலைக்கு வாங்கி, அந்த இடத்தில் செங்கல் செங்கலாகத் தங்கள் பேராலயத்தைக் கட்டினார்கள். அந்தப் பேராலயத்தைப் பற்றி அறிந்துகொண்ட பிறகே உரகாமிக்குச் செல்ல வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்குக் காரணம் அடுத்து வருகிறது.

1945 ஆகஸ்ட் 9 அன்று காலை குண்டு வீசச் சென்ற விமானத்தின் முதல் இலக்கு கொக்குரா நகரம். அங்கே இலக்கு கண்ணுக்குத் தெரியாததால் விமானம் நாகசாகிக்குத் திரும்பியது. இங்கும் மேகம் மூடியிருந்தது. குறிவைத்த நகர மையத்துக்குப் பதிலாகச் சுமார் மூன்று கிலோமீட்டர் வடக்கே, உரகாமிப் பள்ளத்தாக்கின் மேல், 11 மணி 2 நிமிடத்துக்குக் குண்டு வெடித்தது. இடையே நின்ற மலைகளே பழைய துறைமுகப் பகுதியை முழு அழிவிலிருந்து மறைத்தன. நாங்கள் முந்தைய நாள்களில் பார்த்த மர வீடுகளும் கோயில்களும் ஓரா தேவாலயமும் இன்று நிற்பதற்கு அதுவே காரணம். வெடிப்பு மையத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டரில் இருந்த உரகாமிப் பேராலயம் இடிந்து வீழ்ந்தது. அந்த ஆண்டின் இறுதிக்குள் நகரில் இறந்தவர்கள் ஏறத்தாழ 74,000 பேர் என்று கணக்கிடப்படுகிறது. உரகாமியின் கிறித்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அவர்களுள் அடக்கம். கொரியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர்களும், டச்சுப் போர்க்கைதிகளும் இறந்தார்கள். டெஜிமாவைப் பார்த்துவிட்டு வந்த எங்களுக்கு அந்தக் கடைசிச் செய்தி நெஞ்சில் தங்கிவிட்டது.

உரகாமிக்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். அன்று வேறு எதையும் சேர்க்காதீர்கள். அருங்காட்சியகத்துக்குக் காலையில் கதவு திறக்கும்போதே செல்வது நல்லது, ஏனெனில் மே, ஜூன் மாதங்களில் பள்ளிச் சுற்றுலாக் குழுக்கள் தொடர்ந்து வருகின்றன. 11:02இல் நின்றுபோன கடிகாரம், உருகிய ஜெபமாலை, கரிந்த சோற்றுடன் ஒரு மாணவியின் உணவுப்பெட்டி ஆகியவற்றின் முன்னே கூட்டமில்லாமல் நிற்பதற்கு அந்த முதல் அரைமணி நேரமே வாய்ப்பு. அக்கா அந்த உணவுப்பெட்டியின் முன் நெடுநேரம் நின்றார். எத்தனை ஆண்டுகள் பிள்ளைகளின் சோற்றுப் பெட்டிகளை வகுப்பில் வரிசையாகப் பார்த்தவர் அவர் என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சிறு குழந்தைகளை அழைத்துச் செல்வதாக இருந்தால், காயம்பட்டவர்களின் படங்கள் உள்ள பகுதியைப் பெற்றோரில் ஒருவர் முன்னதாகப் பார்த்துவிட்டு வந்து முடிவு செய்வது நல்லது.

அங்கிருந்து சில நிமிட நடையில் வெடிப்பு மையம். கருங்கல் தூண் ஒன்று நிற்கிறது. அதற்கு நேர்மேலே சுமார் 500 மீட்டர் உயரத்தில் குண்டு வெடித்தது. அருகிலேயே பேராலயத்தின் எஞ்சிய சுவர்த்துண்டு நிறுத்தப்பட்டிருக்கிறது. பலரும் பாராமல் போய்விடும் இன்னோர் இடம், ஓடையோரம் இறங்கும் படிகளுக்குக் கீழே இருக்கிறது: அன்றைய நிலமட்டம் கண்ணாடிக்குப் பின்னால் அப்படியே விடப்பட்டு, ஓடுகளும் செங்கல்லும் கண்ணாடியும் வீட்டுப் பாத்திரங்களும் மண்ணோடு மண்ணாகக் கலந்து கிடக்கின்றன. அமைதிப் பூங்காவின் பெருஞ்சிலையைவிட அந்த மண் அடுக்கே என்னை உலுக்கியது. 1955இல் நிறுவப்பட்ட, 9.7 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிலையின் வலக்கை அணு ஆயுதத்தின் அச்சுறுத்தலை வானில் சுட்டுகிறது, கிடையாக நீண்ட இடக்கை அமைதியைக் குறிக்கிறது, மூடிய கண்கள் இறந்தோருக்கான வேண்டுதல். அதன் எதிர்முனையிலுள்ள நீரூற்று, தண்ணீர் தண்ணீர் என்று கேட்டபடியே இறந்தவர்களுக்காக அமைக்கப்பட்டது. சிலையின் முன் சிரித்தபடி படம் எடுத்துக்கொள்பவர்கள், அங்கே மலர் வைக்க வரும் முதியவர்கள் யாராக இருக்கக்கூடும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்று பிற்பகல் சான்னோ ஆலயத்துக்கும் சென்றோம். வெடிப்பு மையத்திலிருந்து 800 மீட்டரில் உள்ள அதன் கல் தோரண வாயிலில் பாதி வீழ்ந்து, மறுபாதி ஒற்றைக் காலில் இன்றும் நிற்கிறது. உள்ளே வாசலின் இருபுறமும் இரண்டு பெரிய கற்பூர மரங்கள். எரிந்து கருகி, பட்டுப்போனவை என்று கருதப்பட்ட அவை மீண்டும் துளிர்த்து, இன்று அந்த முற்றம் முழுவதற்கும் நிழல் தருகின்றன. மழை ஓய்ந்திருந்த நேரம். இலைகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் பேசாமல் அங்கே அமர்ந்திருந்தோம்.

உணவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் அக்கா சைவம். நாகசாகியோ பன்றியும் மீனும் கலந்த சமையலுக்குப் பெயர்போன ஊர். ஊரின் அடையாளமான சம்போன் என்னும் நூடுல்ஸ், 1899இல் சீன உணவகம் ஒன்றில் ஏழைச் சீன மாணவர்களுக்காக உருவானதாகச் சொல்லப்படுகிறது. அதன் சாறே எலும்பில் காய்ச்சியது என்பதால், மேலே கிடக்கும் இறைச்சியை ஒதுக்கிவிட்டுச் சாப்பிடுவது சைவமாகாது. அதைவிடத் தெரியாமல் ஏமாற வைப்பது தாஷி. உலர்ந்த மீன் சீவலில் எடுக்கும் இந்தச் சாறு, காய்கறிக் குழம்பிலும், மிசோ சூப்பிலும், தெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளும் நீர்மத்திலும் இருக்கும். "இறைச்சி உண்டா" என்று மட்டும் கேட்டால் இல்லை என்றே பதில் வரும். அந்தப் பதில் பொய்யும் அன்று. ஆகவே இறைச்சி, மீன், மீன் தாஷி, முட்டை ஆகிய நான்கையும் தனித்தனியே குறிப்பிட்டு, இவற்றை உண்பதில்லை என்று ஜப்பானிய மொழியில் எழுதிய அட்டை ஒன்றைக் கையில் வைத்திருங்கள். போர்த்துகீசியர் வழிவந்த காஸ்டெல்லா கேக்கிலும் முட்டை உண்டு. ரொட்டி, பழம், கடைகளில் கிடைக்கும் வெறும் சோற்றுப் பொட்டலம், டோஃபு, வீட்டிலிருந்து கொண்டுபோன பருப்புப்பொடி ஆகியவற்றால் அக்கா நன்றாகவே சமாளித்தார். பொடிகளைக் கொண்டுசெல்லலாம், பச்சைக் கறிவேப்பிலையை எடுத்துச் செல்லாதீர்கள், தாவரத் தடுப்புக் காப்பு விதிகள் அதைத் தடுக்கக்கூடும். 1654இல் சீனாவிலிருந்து வந்து இங்குள்ள கொஃபுகுஜி ஆலயத்தில் போதித்த துறவி இங்கெனின் வழியில்தான் ஜப்பானில் ஃபுச்சா என்னும் சீனப்பாணிச் சைவ விருந்து பரவியது. அந்தச் சமையலை எங்கேனும் உண்ண வேண்டுமானால் பல நாள் முன்பே சொல்லி வைக்க வேண்டும். நாங்கள் அதைத் தாமதமாக அறிந்தோம்.

கடைசிக்கு முந்தைய நாள் காலை, ஹஷிமா தீவுக்குப் படகில் புறப்பட்டோம். போர்க்கப்பல் போலத் தோன்றும் அந்த நிலக்கரிச் சுரங்கத் தீவில், 6.3 ஹெக்டேர் பரப்புக்குள் 1959இல் 5,000 பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். போர்க்காலத்தில் கொரியரும் சீனரும் அங்கே கட்டாய வேலைக்கு ஆட்படுத்தப்பட்டார்கள். 1974இல் சுரங்கம் மூடப்பட்டதும் தீவு வெறுமையானது. அலை சற்று உயர்ந்தாலும் கரையிறங்க அனுமதி இல்லை. அன்று எங்களுக்கும் அதுவே நேர்ந்தது. தீவைச் சுற்றி மட்டும் வந்து திரும்பினோம். ஹஷிமாவைக் கட்டாயம் மிதிக்க வேண்டும் என்று விரும்புபவர்கள் அதைப் பயணத்தின் முதல் நாளிலேயே வைத்துக்கொண்டால், அலை தடுத்தாலும் மீண்டும் முயல நாள் மிஞ்சும். குமட்டலுக்கான மாத்திரையையும் ஏறும்முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

மழை வலுத்த அந்தப் பிற்பகலில் நகஷிமா ஆற்றோரம் நடந்தோம். 1634இல் சீனத் துறவி ஒருவர் கட்டிய இரட்டை வளைவுக் கல்பாலம், நீரில் விழும் நிழலோடு சேர்ந்து மூக்குக்கண்ணாடி போலத் தெரிவதால் அப்பெயராலேயே அழைக்கப்படுகிறது. கலங்கிய நீரில் நிழல் விழவில்லை. ஆனால் அந்த நாளில்தான் கரையின் இருபுறமும் சாலைக்கு அடியில் அமைத்திருக்கும் மாற்றுக் கால்வாய்களின் பயன் புரிந்தது. 1982 ஜூலை 23 இரவு பெய்த பெருமழையில் 299 பேர் உயிரிழந்தார்கள் அல்லது காணாமற்போனார்கள். இந்த ஆற்றின் கல்பாலங்கள் பல அடித்துச் செல்லப்பட்டன, இந்தப் பாலமும் பாதி இடிந்தது. ஆற்றை அகலப்படுத்தப் பாலத்தை அகற்றிவிடுவது எளிதாக இருந்திருக்கும். அவர்களோ பாலத்தை அதே இடத்தில் மீண்டும் கட்டி, வெள்ளம் அதைச் சுற்றிப் போகும்படி பக்கவாட்டில் வழி அமைத்தார்கள். பழைய கட்டடங்களை இடித்து அகலப்படுத்துவதையே வளர்ச்சி என்று எண்ணும் எவரும் அந்தக் கரையில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும் என்பது என் ஆசை.

புறப்படும் நாளில் ரயிலுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. பெட்டிகளை நிலையத்தின் பூட்டுப்பெட்டியில் வைத்துவிட்டு, அக்காவின் விருப்பப்படி மறுபடியும் டெஜிமாவுக்குப் போனோம். இந்த முறை உள்ளே செல்லவில்லை. குமிழ்கள் பதித்த வரிசையில் ஓரிடத்தில் நின்று, அங்கிருந்து இன்றைய கரைக்கு எத்தனை அடி என்று எண்ணிக்கொண்டே நடக்கலாம் என்றார் அக்கா. மழை விட்டிருந்தது. சாலையைக் கடந்து, டிராம் தண்டவாளத்தைத் தாண்டி, கிடங்குகளையும் உணவகங்களையும் ஒட்டி மெதுவாக நடந்தோம். நடுவில் சிவப்பு விளக்குக்காக நின்றபோது எண்ணிக்கை தவறிவிட்டது. அதற்குள் உப்புக்காற்று வரத் தொடங்கியிருந்தது. படகுத்துறையின் விளிம்பை அடைந்ததும் அக்கா கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எதிர்க்கரையில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த கப்பலையும், அதற்கு அப்பால் துறைமுகம் கடலோடு சேரும் திசையையும் பார்த்தபடி நின்றார். சாந்தோம் துணி இந்த வழியாகத்தானே வந்திருக்கும் என்று கேட்டார். ஆமாம் என்றேன்.